தெருப்பூனைக்கு உடம்பு சரியில்லையா? மருத்துவரிடம் போகும் வரை செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

நெல் மூட்டையும் கடலை மூட்டையும் அடுக்கி வைத்திருக்கும் வீடுகளைச் சுற்றி எப்போதும் இரண்டு பூனைகளாவது இருக்கும். யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை. ஆனால் நாலு நாள் அவை கண்ணில் படவில்லை என்றால் எலி எவ்வளவு பெருகும் என்பது நமக்குத் தெரியும். தொழுவம், வைக்கோல் போர், மோட்டார் கொட்டகை என்று சுற்றிக்கொண்டிருந்த பூனை திடீரென்று ஒரு மூலையில் சுருண்டு படுத்து, வைத்த சோற்றைத் தொடாமல் கிடக்கும். அன்றைக்குப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், இல்லாவிட்டால் இரவு எட்டு மணி ஆகியிருக்கும். கால்நடை மருந்தகம் திறக்க மறுநாள் ஆகும். இடையில் உள்ள அந்தச் சில மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெளியில் திரியும் பூனைகள் நோயால் சாவது ஒரு பக்கம். நல்லெண்ணத்தில் கொடுத்த மாத்திரையாலும், புண்ணில் ஊற்றிய பினாயிலாலும், வாயைத் திறந்து புகட்டிய பாலாலும் சாவது இன்னொரு பக்கம். மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கிற பல மருந்துகளைப் பூனையின் கல்லீரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. அதனால் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பூனைக்குக் கதகதப்பு, கொஞ்சம் தண்ணீர், இருட்டான அமைதியான இடம் ஆகியவற்றைக் கொடுத்து, உயிரோடு மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பதோடு நம் வேலை முடிந்தது.

முதலில் உங்கள் கையைப் பாருங்கள்

வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல, பூனைக்கும் வரும். பழகிய பூனை காரணமே இல்லாமல் சீறிப் பாய்ந்தாலோ, ஆளைக் கண்டால் ஓடும் பூனை பயமில்லாமல் தள்ளாடிக்கொண்டு நெருங்கி வந்தாலோ, கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடிந்தாலோ, குரல் மாறியிருந்தாலோ, பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடந்தாலோ, வெறுங்கையால் தொடாதீர்கள். பூச்சிமருந்து விஷம் ஏறினாலும் எச்சில் வடியும், தள்ளாடும். வெளியிலிருந்து பார்த்து எது என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடியாது. எனவே எச்சில் வடிக்கும் எந்தப் பூனையையும் வெறிநோய் உள்ளதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். அதன் வாயில் எதையும் புகட்ட வேண்டாம். கோழி அடைக்கும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். குழந்தைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எந்தப் பூனையாக இருந்தாலும் கடித்துவிட்டாலோ நகம் கீறி ரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதை விட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். முதல் ஊசியோடு நின்றுவிடாமல், சீட்டில் எழுதிக் கொடுத்த தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். பூனை பிழைக்கிறதா பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். வெறிநோய் இல்லாவிட்டாலும் பூனையின் பல் ஊசி போல ஆழமாக இறங்குவதால் ஒரே நாளில் கை வீங்கிச் சீழ் பிடிக்கும். அதற்கும் மருத்துவர் வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் பூனையின் மலத்தையும் அது படுத்த துணியையும் தொட வேண்டாம். வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

காலை வரை தாங்குமா?

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இரண்டு நிமிடம் பூனையைப் பாருங்கள். நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். படுத்திருக்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 20 முதல் 30 வரை இருக்கும். சும்மா படுத்திருக்கும்போதே 40-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டியதுதான். நாய் வாயைத் திறந்து மூச்சு விடுவது வழக்கம். பூனை அப்படிச் செய்தால் அது ஆபத்தின் அடையாளம்.

பழகிய பூனையாக இருந்தால் உதட்டை லேசாக விலக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாக, நீலமாக அல்லது காப்பி நிறத்தில் இருந்தால் காலை வரை காத்திருக்க முடியாது. வலிப்பு, நிற்காத ரத்தம், வண்டியில் அடிபட்டது, பாம்புக்கடி, எலிமருந்து தின்றதாகச் சந்தேகம், ஒரு சொட்டும் சிறுநீர் போகாமல் முக்கும் கடுவன் பூனை ஆகியவையும் அதே கணக்குதான். இரவானாலும் யாராவது மருத்துவரைத் தேடிப் பேசியாக வேண்டும்.

பூனையைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள். அதன் இயல்பான உடல் சூடே 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். காதும் பாதமும் சில்லென்று இருந்தால்தான் பயப்பட வேண்டும். சோர்ந்து கிடக்கும் பூனை குளிர்ந்து போவது காய்ச்சலை விட மோசம்.

பிடிப்பதும் அடைப்பதும்

துரத்திப் பிடிக்காதீர்கள். மூச்சு வாங்கும் பூனையைத் தோட்டம் முழுக்க ஓட விட்டால் கைக்கு வருவதற்குள் உயிர் போய்விடும். தடித்த துண்டையோ பழைய போர்வையையோ மேலே போர்த்தி, தலையும் காலும் உள்ளே இருக்கும்படி மொத்தமாகச் சுற்றித் தூக்க வேண்டும். பிடரியை மட்டும் பிடித்துத் தொங்கவிடுவது குட்டிகளுக்குத் தாய்ப்பூனை செய்கிற வேலை. வளர்ந்த பூனையின் எடைக்கு அது வலியைத்தான் கொடுக்கும். கிட்டவே விடாத பூனை என்றால் பஞ்சாரத்தால் மூடி, அடியில் ஒரு பலகையையோ தகரத்தையோ மெதுவாகத் தள்ளி அப்படியே தூக்கலாம்.

கோணிச்சாக்கில் போட்டுக் கட்டித் தூக்கிப் போவது நம் பக்கம் பழக்கம். பூனையைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே விடுவதற்கு வேண்டுமானால் அது சரியாக இருந்திருக்கலாம், நோயாளிக்குச் சரிவராது. தக்காளி அனுப்பும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டினால் காற்றோட்டமான நல்ல கூண்டு கிடைத்துவிடும். அடியில் நாலாக மடித்த பருத்திப் புடவை. மேலே ஒரு துணியைப் போட்டு இருட்டாக்குங்கள், ஒரு பக்கம் காற்று வரட்டும். இருட்டில் பூனை அடங்கிவிடும்.

அடிபட்ட பூனையின் காலை நேராக்க வேண்டாம், குச்சி வைத்துக் கட்டவும் வேண்டாம். பலகை மேல் அப்படியே நகர்த்தி ஏற்றுங்கள். ரத்தம் வடியும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது மறுபடி திறந்துகொள்ளும்.

கதகதப்பும் தண்ணீரும்

ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி மூடித் துணியில் சுற்றி, பூனையின் ஒரு பக்கமாக வையுங்கள். உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. பெட்டியின் இன்னொரு பாதி வெறுமையாக இருக்கட்டும். சூடு அதிகமானால் பூனை தானே நகர்ந்துகொள்ளும். நகர முடியாத பூனைக்கு அரை மணிக்கு ஒருமுறை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மாட்டி வாயைத் திறந்து இளைக்கும் பூனைக்கு இதெல்லாம் நேர் எதிர். நிழலுக்குக் கொண்டு வந்து, பாதத்தையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, விசிறிக் காற்று படும்படி வையுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தண்ணீரைத் தட்டையான கிண்ணத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிப் பாருங்கள். தானாகக் குடித்தால் அதைவிட நல்லது இல்லை. குடிக்காமல், ஆனால் விழிப்பாக, தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் மட்டும் ஊசி நீக்கிய சிரிஞ்சில் கொடுக்கலாம். வாயின் ஓரத்தில், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் முனையை வைத்து அரை மில்லி, ஒரு மில்லியாக விட்டு, அது விழுங்கிய பிறகு அடுத்தது. ஒரு தடவைக்கு 5 மில்லி, அரை மணி கழித்து மறுபடி. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். மயக்கத்தில் இருக்கும் பூனை, வலிப்பு வரும் பூனை, விடாமல் வாந்தி எடுக்கும் பூனை, எச்சில் வடிக்கும் பூனை ஆகியவற்றின் வாயில் ஒரு சொட்டும் விடக் கூடாது.

பால் வேண்டாம். பூனை என்றாலே பால் என்று நினைத்துவிட்டோம், ஆனால் வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. ஏற்கெனவே கழிச்சல் இருந்தால் பால் அதை இரட்டிப்பாக்கும்.

வாந்தி இல்லாத, பசி எடுக்கிற பூனைக்கு உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியோ மீனோ முள்ளும் எலும்பும் நீக்கி ஒரு பிடி கொடுக்கலாம். கொஞ்சம் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். மூக்கடைத்த பூனைக்கு வாசனை எட்டினால்தான் சாப்பாடு இறங்கும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்புச் சோறும் வேண்டாம். வெங்காயம் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாள் சாப்பிடாமல் இருப்பதற்காகத் திணிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் கல்லீரலில் கொழுப்பு படிந்து புது வியாதி வந்துவிடும், அதற்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பாராசிட்டமால் ஒன்று போதும், பூனை செத்துவிடும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், எல்லா வீட்டிலும் அந்த மாத்திரை இருக்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். பாதி மாத்திரையும் ஆபத்துதான். அது உள்ளே போனால் ரத்தம் காப்பி நிறமாக மாறி, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். ஈறு கறுக்கும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். யாராவது ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் போனால் மாற்று மருந்து உண்டு.

ஐபுபுரூஃபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின், மாட்டுக்கு வாங்கி மீதம் வைத்திருக்கும் ஊசி மருந்து எதுவும் வேண்டாம். நாய்க்குக் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நாயின் கணக்கு வேறு, பூனையின் கணக்கு வேறு.

தோலில் தடவுவதற்கும் இதே எச்சரிக்கைதான். பூனை தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். மேலே தடவியது எதுவும் ஒரு மணி நேரத்தில் வயிற்றுக்குப் போய்விடும். புழு வைத்த புண்ணில் பினாயில், டர்பன்டைன், அந்துருண்டைப் பொடி, மண்ணெண்ணெய் போடுவது மாட்டுக்குக்கூட நல்லதல்ல, பூனைக்கு அது விஷம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, தலை தட்டிய இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்த நீரால் புண்ணைக் கழுவுங்கள். கண்ணுக்குத் தெரியும் புழுக்களை இடுக்கியால் எடுத்துவிட்டு, ஈ மொய்க்காதபடி சுத்தமான துணியால் மூடிக் கொண்டுபோங்கள். ஆழத்தில் உள்ள புழுவை மருத்துவர் எடுப்பார்.

விஷமா என்று பாருங்கள்

கிராமத்துப் பூனைக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் வீட்டிலோ பக்கத்து வயலிலோ என்ன தெளித்தார்கள், என்ன வைத்தார்கள் என்று விசாரியுங்கள். மருத்துவருக்கு நீங்கள் கொண்டுபோகும் தகவலில் இதைவிட மதிப்பானது வேறில்லை. டப்பாவோ அட்டையோ கிடைத்தால் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கறுப்பாக, சாம்பல் நிறத்தில் இருக்கும் எலிமருந்துத் தூள் ஜிங்க் பாஸ்பைடு. இது வயிற்றில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பின் என்ற நச்சு வாயுவாக மாறும். சில மணி நேரத்துக்குள்ளேயே வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல், வலிப்பு வரும். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடிக்கும். குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள். அந்த வாயு உங்களுக்கும் விஷம். பூனையைத் திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள். வண்டியில் கொண்டுபோகும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். சாப்பாடு கொடுக்கவே கூடாது, சாப்பாடு விழுந்தால் அமிலம் அதிகம் சுரந்து வாயுவும் அதிகமாகும். இதற்குத் தனி மாற்று மருந்து இல்லாததால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

கட்டி கட்டியாக, கேக் போல விற்கும் எலிமருந்தில் பெரும்பாலும் புரோமடையலோன் இருக்கும். இது ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சாதாரணமாக மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் பூனை சோர்ந்து விழும். ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும், மூச்சு வாங்கும், காலில் வீக்கம் தெரியும். மருந்தைப் பூனை நேரடியாகத் தின்றிருக்க வேண்டும் என்பதில்லை. மருந்து தின்ற எலியைத் தின்றாலும் போதும். நல்ல செய்தி என்னவென்றால், இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது. மருத்துவர் சொல்லும் நாள் வரை, பெரும்பாலும் சில வாரங்கள், விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பூனையைத் தூக்கும்போது முட்டாமல் மோதாமல் தூக்குங்கள், சின்ன அடியும் உள்ளே ரத்தக் கசிவாகும்.

குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளும் கார்போபியூரான் குருணையும் உள்ளே போனால் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், தன்னையறியாமல் சிறுநீரும் மலமும் போகும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், உடம்பு நடுங்கும். இதற்கு மருத்துவரிடம் அட்ரோபின் ஊசி உண்டு. நாய்க்குத் தொல்லை தாங்காமல் சிலர் கறியில் குருணை வைப்பதில் பூனையும் மயிலும் சேர்த்துச் சாகின்றன. அது சட்டப்படி குற்றமும்கூட.

மாட்டு உண்ணிக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. மாட்டுக்குத் தாங்கும் மருந்து பூனையைத் தாக்கிவிடும். மருந்தடித்த ஈர மாட்டோடு உரசிப் படுத்தாலோ, தெள்ளுப்பூச்சி போகட்டும் என்று நாமே பூனைமேல் அதை அடித்தாலோ, காது துடிக்கும், தோல் சிலிர்க்கும், நடுக்கம் வலிப்பாக மாறும். வலிப்பு இல்லாமல் விழிப்பாக இருக்கும் பூனை என்றால் கையுறை மாட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து உடம்பைக் கழுவி, துடைத்து, கதகதப்பாக வையுங்கள். வேறு பூச்சிமருந்து மேலே கொட்டியிருந்தாலும் இதையே செய்யலாம். அதற்கு மேல் மருத்துவர்தான்.

எந்த விஷமானாலும் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். உப்புக் கரைசல் புகட்டினால் உப்பே பூனையைக் கொல்லும். எண்ணெய், முட்டை, மோர், புளிக்கரைசல் எதுவும் நுரையீரலுக்குப் போகத்தான் வாய்ப்பு அதிகம். அடுப்புக்கரியைப் பொடித்துக் கொடுப்பதிலும் பயனில்லை. மருத்துவர்கள் கொடுக்கும் கரி தனியாகத் தயாரித்தது. அதன் பெயரைக் கேட்டுவிட்டு அடுப்பைத் தோண்ட வேண்டாம்.

சளி, கழிச்சல், சிறுநீர் அடைப்பு

கண்ணில் பீளை கட்டி மூடி, மூக்கு ஒழுகி, தும்மிக்கொண்டிருந்தால் பூனைகளுக்குள் பரவும் சளிக்காய்ச்சலாக இருக்கலாம். முன்னே சொன்ன உப்புநீரில் பஞ்சை நனைத்து, பீளை ஊறும் வரை கண்மேல் வைத்திருந்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை துடைத்துப் பஞ்சை எறிந்துவிடுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு. தாய்ப்பால், தேன், வீட்டில் கிடக்கும் பழைய கண் சொட்டு மருந்து எதுவும் விட வேண்டாம்.

இளம் பூனை விடாமல் வாந்தி எடுத்து, நாற்றமடிக்கும் கழிச்சல் போய், தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். மனிதருக்கும் மாட்டுக்கும் இது வராது. ஆனால் அந்த இடத்தில் உள்ள மற்ற பூனைகளை, முக்கியமாகக் குட்டிகளை, வாரிக்கொண்டு போய்விடும். நோய்ப்பூனையைத் தனியே வைத்து, அதைத் தொட்ட கையோடு மற்றதைத் தொடாதீர்கள். இந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட, உயிரோடு இருக்கும். படுத்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அது காயும் வரை பூனையை அங்கே விட வேண்டாம். நல்ல உடம்போடு இருக்கும் மற்ற பூனைகளுக்குத் தடுப்பூசி உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

கடுவன் பூனை அடிக்கடி குந்தி உட்கார்ந்து முக்கி, கத்தி, பின்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் சிறுநீர்க் குழாய் அடைப்பு. ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், பை உடைந்துவிடும். நேராக மருத்துவமனை.

வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூலோ தூண்டில் நரம்போ தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே குடலைச் சுருக்கிப் பிடித்திருக்கும் நூல், இழுத்தால் கத்தி போல அறுத்துவிடும். தொங்கும் நுனி அப்படியே இருக்கட்டும்.

பாம்பு கடித்த இடத்தைக் கட்டவோ கீறவோ வேண்டாம். அசையாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

முடி வட்டமாக உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் ஒட்டும். காதோரமும் முகமும் தடித்துச் செதில் செதிலாக இருந்தால் சொறி. இரண்டும் இன்றைய இரவின் அவசரம் இல்லை. கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, மருத்துவரிடம் காட்டும்போது சொல்லுங்கள்.

கண் திறக்காத குட்டிகள்

வைக்கோலுக்குள் குட்டிகளை மட்டும் பார்த்தால் உடனே எடுத்து வராதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம், இல்லையென்றால் ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டிகள் கதகதப்பாக, அமைதியாகத் தூங்கினால் சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். சில்லென்று ஆகி, விடாமல் கத்தி, எறும்பு மொய்த்திருந்தால்தான் எடுக்க வேண்டும்.

எடுத்தவுடன் பால் ஊட்டக் கூடாது. குளிர்ந்த குட்டிக்கு வயிறு வேலை செய்யாது. ஊட்டியது உள்ளே கெட்டுப் போகும், புரையேறியும் சாகும். முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுங்கள். வாய்க்குள் விரல் வைத்தால் வெதுவெதுப்பாக உணர வேண்டும். பூனைக்குட்டிக்கான பால்மாவு டவுனில் உள்ள வளர்ப்புப் பிராணிக் கடைகளில் கிடைக்கும். அது வரும் வரை மருத்துவரிடம் கேட்டு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். பசும்பால் அதற்கு ஈடாகாது. ஊட்டும்போது மனிதக் குழந்தை போல மல்லாக்கப் படுக்க வைக்காமல், குப்புறப் படுக்க வைத்துத் தலையை லேசாகத் தூக்கியபடி ஊட்ட வேண்டும். மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக, வெதுவெதுப்பான ஈரத் துணியால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவிவிட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தி சேவை இருக்கிறது. அது முக்கியமாக ஆடு மாடுகளுக்காக ஓடும் வண்டி. பூனைக்கு வரச் சொல்லலாமா என்று தயங்காமல் அழையுங்கள். வர இயலாது என்றால் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்றாவது கேளுங்கள். உங்கள் ஊர் கால்நடை உதவி மருத்துவரின் எண்ணை மாட்டுக்காக ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பீர்கள், அவரிடமே பேசலாம். கால்நடை மருந்தகத்தில் முடியாததை மாவட்டத்தில் உள்ள பன்முக மருத்துவமனையிலோ, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, சென்னை வேப்பேரி போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ பார்ப்பார்கள்.

போகும் முன் ஒரு போன் செய்து, எச்சில் வடிக்கும் பூனையா, விஷமா, யாரையாவது கடித்ததா என்பதைச் சொல்லிவிடுங்கள். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, எத்தனை முறை வாந்தி, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டால் வாயால் விவரிப்பதைவிட அந்த அரை நிமிட வீடியோ உதவும். பெட்டியைத் திறக்கும் வேலையை அவர்கள் கதவைச் சாத்திய பிறகு செய்யட்டும்.

வழியிலேயே பூனை இறந்துவிட்டால், வெறிநோய்ச் சந்தேகமோ கடித்த விவரமோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள். விஷம் தின்று இறந்த பூனையைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ போட வேண்டாம். நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றிலிருந்து தள்ளிப் புதையுங்கள்.

பிழைத்து வீடு திரும்பும் பூனையை ஓரிரு நாள் அடைத்து வைத்து, சாப்பிட்டு, மலசலம் ஒழுங்காகப் போன பிறகு பிடித்த அதே இடத்தில் விடுங்கள். அதற்கு முன் வைக்கோல் போரின் அடியும் மூட்டைகளின் இடுக்கும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, மீதமிருக்கும் எலிமருந்தையும் செத்துக் கிடக்கும் எலிகளையும் எடுத்துப் புதைத்துவிடுங்கள். இனி எலிமருந்து வைப்பதாக இருந்தால், எலி மட்டும் நுழையும் அளவுக்கு இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட பெட்டிக்குள் வைத்து, காலையில் முதல் வேலையாக செத்த எலிகளைப் பொறுக்குங்கள்.